கம்பியால் கட்டிய கொத்து

கொக்கோவாரா, 4 பிப்ரவரி 1971

அன்புத் தம்பி ஏலிஸுக்கு,

அக்கா ஹில்யா எழுதுவது. இங்கே எனக்குச் சுகத்துக்குக் குறைவில்லை. இடுப்பு வலி குளிரோடு வந்தது, குளிரோடு போய்விடும் என்று நம்புகிறேன். நீயும் சுகமாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி நீ வைக்கவில்லை.

அப்பாவைப் போன சனிக்கிழமை அடக்கம் செய்தோம். நாம் ஆவியில் குளிக்கும் சவுனாவில் அடுப்பு மூட்டாமல் வெந்நீர் மட்டும் கொண்டுபோய் நானே குளிப்பாட்டினேன். மண் கல்லாக இறுகிக் கிடந்தது. பக்கத்துப் பண்ணை ஓட்டோவும் இன்னும் இருவரும் குழி தோண்டும் இடத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் பிர்ச் விறகை எரித்து மண்ணை இளக்கினார்கள். அப்பா அடுத்த குளிர்காலத்துக்கென்று பிளந்து அடுக்கியிருந்த விறகுதான். அவருக்குத் தெரிந்திருந்தால் இத்தனை கட்டை எதற்கு, பாதி போதுமே என்று திட்டியிருப்பார்.

பெட்டியைத் தூக்க ஆறு பேர் வேண்டும். தலைப்பக்கம் வலதுபுறம் மகனுடைய இடம். பஸ் வரும் நேரம் வரைக்கும் யாரும் அந்த இடத்துக்குப் போகவில்லை. எல்லோரும் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பஸ் நிற்காமல் போன பிறகு ஓட்டோ தொப்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் போய் நின்றார்.

ஒன்பது வருஷத்துக்கு முன், நீ கடல் தாண்டிப் போகுமுன், டிராக்டர் வாங்குவதா வேண்டாமா என்று நீயும் அப்பாவும் போட்ட சண்டை இன்னும் முடியவில்லையா? தந்தி கிடைத்ததா இல்லையா என்று மட்டும் எழுது.

மான்சிக்கி நன்றாகப் பால் கறக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா
ஹில்யா


மால்மோ, 28 பிப்ரவரி

அன்புள்ள அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நீயும் மாடுகளும் நலமென்று அறிந்தேன்.

தந்தி கிடைத்தது. விடுப்பு கிடைக்கவில்லை. மன்னித்துவிடு.

இப்போது என்னை லேசான வேலைக்கு மாற்றியிருக்கிறார்கள். இங்கே பனி கிடையாது, மழைதான். பேனா சரியில்லை, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி
ஏலிஸ்


கொக்கோவாரா, 9 மார்ச்

அன்புத் தம்பி,

உன் ஏழு வரிக் கடிதம் கிடைத்தது. நான் நலம். நீ நலமென்று எழுதியிருக்கிறாய், ஆனால் உன் எழுத்து அப்படிச் சொல்லவில்லை. முதல் வகுப்பில் சிலேட்டில் எழுதுவாயே, அதைவிட மோசம். வாங்கும் சம்பளத்துக்கு ஒரு பேனா வாங்க முடியாதா? பேனாதான் காரணமென்றால் சந்தோஷம். பாட்டில் காரணமாக இருந்தால் கடிதத்தை இங்கே யாரிடமும் காட்டமாட்டேன், பயப்படாதே. லேசான வேலை என்கிறாய். மேஸ்திரி ஆகிவிட்டாயா? ஓட்டோவிடம் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். வனத்துறை ஆள் வந்தார். மாடு வளர்ப்பதை விட்டுவிட்டு வயலை மூடுகிறவர்களுக்கு அரசாங்கமே பிர்ச் நாற்றுகளைக் கொடுத்துக் காடாக்கச் சொல்கிறதாம். காப்பியை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“ஒண்டியா இருக்கீங்க. இவ்வளவு வயல வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?”

“பாத்துக்கிட்டு இருக்கப் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“கண்ணு தெரியற வரைக்கும்.”

சிரித்தார். ஆனால் போகும்போது தாளை மேஜை மேல் வைத்துவிட்டுத்தான் போனார். அதில் நீயும் நானும் கையெழுத்துப் போட வேண்டும்.

அப்பா வாழ்நாள் முழுக்க அந்த ஐந்து ஏக்கரில் என்ன செய்தார் என்று உனக்குத் தெரியும். ஓரத்துக் காட்டிலிருந்து விதை பறந்து வந்து விழும், முளைக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிற கோட்டோடு குனிந்து அதைப் பிடுங்குவார். ஒரு வருஷம் விட்டால் பிர்ச் உள்ளே வந்துவிடும் என்பார். அந்த வயலில் நான் கையால் பிர்ச் நடுவதா?

நீ திரும்பி வருவாயா என்று நான் கேட்கவில்லை. வயல் உனக்கு வேண்டுமா என்று மட்டும் கேட்கிறேன். வேண்டுமென்றால் மூடமாட்டேன். வேண்டாமென்றால் கூடவே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

காலையில் பால் கறந்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். வெளிச்சம் நீளத் தொடங்கிவிட்டது.

அக்கா
ஹில்யா


மால்மோ, 13 ஏப்ரல்

அன்புள்ள அக்காவுக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகப் போயிருக்கும் என்று நம்புகிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. பாட்டிலும் இல்லை. பதில் தாமதமானதற்குக் கோபப்படாதே, எழுத நேரம் பிடிக்கிறது.

இங்கே பூங்காவில் பிர்ச் மரங்கள் உண்டு. வரிசையாக நட்டு ஒவ்வொன்றின் அடியிலும் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். யாரும் பட்டை உரிப்பதில்லை, மரத்து நீர் இறக்குவதில்லை, ஒரு கிளை ஒடிப்பதில்லை. சும்மா பார்க்கிறார்கள். ஒருநாள் காற்றில் உரிந்து தொங்கிய பட்டையைக் கிழித்து முகர்ந்துகொண்டு நின்றேன். நாயோடு போன ஓர் அம்மாள் என்னைச் சுற்றிக்கொண்டு போனாள்.

நம் நாட்டு ஆட்கள் ஒரு கட்டடத்தின் நிலவறையில் சவுனா வைத்திருக்கிறார்கள். கரண்டு அடுப்பு. உடம்பில் அடித்துக்கொள்ள பிர்ச் இலைக்கொத்து கிடையாது. தண்ணீரை ஊற்றிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மச்சில் இன்னும் எத்தனை ஜோடிக் கொத்து தொங்குகிறது? உன் முதுகுக்கு இப்போது யார் அடித்துவிடுகிறார்கள்?

இங்கே ஒரு நண்பன் கேட்டான். இடது கைக்காரன் பிடிக்கிற மாதிரி நீளப்பிடிப் புல்லரிவாள் கிடைக்குமா? அவனுக்கு ஊரில் நிலம் இருக்கிறது. திரும்பிப் போகலாமா என்று யோசிக்கிறான்.

வயல் விஷயத்துக்குக் கொஞ்ச நாள் கொடு. கையெழுத்து இப்போது போடவில்லை.

தம்பி
ஏலிஸ்


கொக்கோவாரா, 2 மே

அன்புத் தம்பி,

நலம், இடுப்பைத் தவிர. உன் கடிதம் இந்த முறை ஒரு பக்கம் நிறைந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன்.

மரத்தில் நீர் ஏறிவிட்டது. கிணற்றடி பிர்ச்சில் துளை போட்டுக் குழாய் செருகினேன். ஒரு நாளில் ஒரு வாளி. எனக்கு ஒரு குவளை போதும், மிச்சம் மாடுகளுக்கு. நீ எட்டு வயதில் துளையை அடைக்க மறந்து அந்த மரம் ஒரு வாரம் அழுததே, அந்த வடு இன்னும் கறுப்பாகத் தெரிகிறது. நான் மறக்காமல் முளை அடித்துவிட்டேன்.

மச்சில் இருபத்தொன்பது ஜோடிக் கொத்து இருக்கிறது. இருவருக்கென்று கட்டியது. ஜனவரியிலிருந்து ஒருத்திதான், அதனால் தீரவில்லை. முதுகுக்கு என் கையே எட்டுகிற வரையில் எட்டும். எட்டாத இடம் ஒன்று உண்டு. அதைச் சுவரில் தேய்த்துக்கொள்கிறேன்.

உன் நண்பன் கதை வேடிக்கையாக இருக்கிறது. இடது கைக்கு அரிவாளாவது. வரிசையில் நின்று புல் அறுக்கும்போது எல்லோரும் ஒரு பக்கம் வீச, இவன் எதிர்ப்பக்கம் வீசினால் பக்கத்தில் நிற்பவன் கால் போய்விடும். அப்படிப்பட்டவன் பண்ணைக்கு உதவமாட்டான். பேசாமல் நகரத்திலேயே பெஞ்சில் உட்காரச் சொல்.

வனத்துறை ஆள் மறுபடி வந்தார். நாற்று ஜூன் முதல் தேதி வருமாம். மே இருபத்தைந்துக்குள் அவருக்கு முடிவு சொல்ல வேண்டும். நீ கையெழுத்துப் போடாவிட்டாலும், ஊரில் இருந்து பயிர் செய்பவள் நான்தான் என்பதால் என் கையெழுத்தை வைத்தே பார்த்துக்கொள்கிறாராம். ஏலிஸ், உன்னிடம் ஒரே ஒரு வார்த்தை கேட்கிறேன். வேண்டும் அல்லது வேண்டாம்.

அக்கா
ஹில்யா


மால்மோ, 14 மே

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உனக்கும் அப்படியே அமையட்டும்.

இங்கே இலை விட்டு ஒரு வாரம் ஆகிறது. உங்களுக்கு மொட்டே விரிந்திருக்காது. என் அறைக்குப் பக்கத்தில் இருக்கும் என்சியோ விடுப்பில் ஊருக்கு வருகிறான். அவன் மனைவி ஊர் உங்களுக்கு அடுத்ததுதான். அவனிடம் ஒன்று கொடுத்து அனுப்புகிறேன்.

நீ கேட்ட பதில் அதில் இருக்கிறது. எழுத முயன்றேன், வரவில்லை. அதைக் கையில் எடுத்து நன்றாகப் பார். பார்த்த பிறகு வா என்றால் வருகிறேன். வேண்டாம் என்றாலும் எழுது, வருத்தப்பட மாட்டேன். நானே செய்தது.

தம்பி
ஏலிஸ்


கொக்கோவாரா, 27 மே

ஏலிஸுக்கு,

நான் நலம்.

சனிக்கிழமை கடைக்குப் போய்விட்டு வந்தபோது கதவுப் பிடியில் உன் பரிசு தொங்கிக்கொண்டிருந்தது. உன் என்சியோவுக்கு ஐந்து நிமிஷம் காத்திருக்க நேரமில்லை போலிருக்கிறது. நீ சொன்னபடி கையில் எடுத்து நன்றாகப் பார்த்தேன்.

ஒரு சவுனாக் கொத்து. இலை முற்றாமல் பறித்ததால் பாதி உதிர்ந்திருந்தது. அது போகட்டும். கட்டியிருந்தது கம்பியால்.

நம் வீட்டில் கொத்து எதனால் கட்டுவார்கள் என்று உனக்கு நான் எழுத வேண்டியிருக்கிறது பார். இளங்குச்சியைச் சீவி, காலால் மிதித்து, இரண்டு கையாலும் முறுக்கி, நாராக்கிச் சுற்றி, நுனியைக் கொத்துக்குள் செருகுவார்கள். உனக்குப் பத்து வயது இருக்கும்போதே அப்பா ஓட்டோவிடம், “இவன் கட்டின கொத்து மூணு குளிர்காலம் அடிச்சாலும் அவுழாது” என்று சொன்னார். அவர் வாயிலிருந்து உன்னைப் பற்றி வந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். அதைக்கூட நீ மிச்சம் வைக்கவில்லை. நூலால் கட்டியிருந்தால் நகரத்துக்காரன் என்று சிரித்திருப்பேன். கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை வளைத்துக்கூட விடாமல் அனுப்பியிருக்கிறாய். என் உள்ளங்கையில் கீறிவிட்டது.

பதில் புரிந்தது. ஒரு கொத்துக்குக் குச்சி முறுக்கப் பொறுமை இல்லாதவனுக்கு ஐந்து ஏக்கர் எதற்கு? வனத்துறை ஆளிடம் சரி என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை நடத் தொடங்குகிறேன்.

ஹில்யா


மால்மோ, 3 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

சரி. நட்டுவிடு.

நாற்றின் வேர் காயாமல் ஈரச் சாக்கில் வைத்துக்கொள். இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே, ஒரு வரிசைக்கு ஒரு தடவை உட்கார். முயல் கடிக்கும். கம்பி கீறியதற்கு மன்னித்துவிடு.

ஏலிஸ்


கொக்கோவாரா, 12 ஜூன்

என் தம்பி ஏலிஸ்,

நலம் விசாரிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. உன் கை எப்படி இருக்கிறது?

என்சியோ நேற்று திரும்பிப் போகிற வழியில் வந்தான். நான் வயலில் கடைசி வரிசையில் இருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான்.

“என்னக்கா, நட்டுட்டீங்களா? அவன் வரப்போறான்னு நெனச்சேன்.”

“வர்றவன் கம்பி கட்டி அனுப்புவானா?” என்றேன்.

“பின்ன எதுல கட்டுவான்? அதக் கட்ட அவனுக்கு ஒரு ஞாயித்துக்கிழம முழுசும் ஆச்சு. பல்லுல ஒரு முனையக் கடிச்சுக்கிட்டு இடது கையால சுத்தினான். நான் கட்டித் தரேன்னேன், அடிக்க வந்துட்டான்.”

“ஏன், வலது கைக்கு என்ன?”

அவன் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்கமாட்டேன்.

“ஒங்களுக்குத் தெரியாதா? ஜனவரி பதினெட்டு. மெஷின்ல மாட்டி நாலு விரல் போச்சே. கட்டைவிரல் மட்டும்தான் மிச்சம். தந்தி வந்தப்ப ஆஸ்பத்திரியில கெடந்தான், நான்தான் படிச்சுக் காட்டினேன். இப்பத் தரையக் கூட்டறான்.”

நாற்றுக்குக் குழி குத்தும் கோலை மண்ணில் குத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். என்சியோ வேலியைத் தாண்டி வந்து சாக்கில் மிச்சமிருந்த நாற்றை நட்டு முடித்தான். பிறகு காப்பி குடித்துவிட்டுப் போனான்.

எல்லாம் இப்போது வரிசையாகக் கண்ணில் வருகிறது. பேனா. லேசான வேலை. இடது கைக்கு அரிவாள் கேட்ட நண்பன். அவன் பண்ணைக்கு உதவமாட்டான் என்று சிரித்துச் சிரித்து எழுதினேனே, ஏலிஸ். அதைப் படித்த பிறகும் நீ உட்கார்ந்து ஒரு கொத்துக் கட்டி அனுப்பியிருக்கிறாய். கையில் எடுத்துப் பார் என்றாய். நான் கம்பியை மட்டும் பார்த்தேன். கம்பியில் உன் பல் பதிந்திருக்கிறது. நேற்று விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நானும் உன்னிடம் பொய் சொன்னேன். மாடுகள் இல்லை. மான்சிக்கியையும் மற்றதையும் பிப்ரவரி முடிவிலேயே கொடுத்துவிட்டேன். பால் கறந்தேன், மாட்டுக்கு மரத்து நீர் வைத்தேன் என்று எழுதியதெல்லாம் வெறும் தொழுவத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியது. தொழுவம் காலி என்று தெரிந்தால் திரும்பி வர உனக்கு இங்கே என்ன இருக்கிறது என்று பயந்தேன். கடைக்காரியிடம் சனிக்கிழமை பேசுவேன். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் என் குரலை நானே கேட்பதில்லை. சில நாள் மாட்டின் பெயரைச் சும்மா கூப்பிட்டுப் பார்ப்பேன்.

வயல் நட்டாகிவிட்டது. மூவாயிரத்துச் சொச்சம் நாற்று. பிடுங்க முடியாது, கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஆனால் வீட்டை ஒட்டிய துண்டை நடவில்லை. எவ்வளவு கோபம் இருந்தும் அங்கே கால் போகவில்லை. வனத்துறை ஆள் கேட்டால் அது தோட்டம் என்று சொல்லிக்கொள்கிறேன். இருவருக்கு உருளைக்கிழங்கும், ஒரு மாட்டுக்குப் புல்லும் அதில் வரும். அந்தப் புல்லை நீ எந்தப் பக்கம் வீசி அறுத்தால் என்ன? நம் வீட்டில் வரிசை ஏது, இருப்பதே இரண்டு பேர்.

குச்சி முறுக்க இரண்டு கை வேண்டும்தான். நீ பிடித்துக்கொள், நான் முறுக்குகிறேன்.

இருபத்தைந்தாம் தேதி நடுக்கோடைத் திருநாள். வாசலுக்கு இரண்டு பக்கமும் பிர்ச் நிறுத்த வேண்டும். ஒன்பது வருஷமாக இரண்டையும் நானே வெட்டி இழுத்து வந்தேன். இந்த வருஷம் இடது பக்கத்துக்கு மட்டும் வெட்டி நிறுத்துவேன். ஓட்டோ பார்த்துவிட்டு என்ன அரை வீட்டுக்குத்தான் திருநாளா என்று கேலி செய்வார், கேட்கட்டும். வலது பக்கம் உனக்கு. கிணற்றுக்குப் பின்னால் கைப் பருமனில் ஒரு மரம் பார்த்து வைத்திருக்கிறேன்.

வா, ஏலிஸ். மார்ச்சிலேயே இப்படி எழுதியிருக்க வேண்டும்.

உன் அக்கா
ஹில்யா


மால்மோ, 18 ஜூன்

அன்புள்ள அக்காவுக்கு,

கை ஆறிவிட்டது. மழை வந்தால் இல்லாத விரல் வலிக்கிறது, மற்றபடி நலம்.

தந்தி வந்த அன்றே கிளம்பியிருக்கலாம். டாக்டர் வேண்டாமென்றார், ஆனால் அவர் காரணமில்லை. பெட்டியின் தலைப்பக்கம் வந்து நிற்கிறவன் தூக்க முடியாமல் நின்றால் அப்பாவுக்கு அது இன்னொரு சண்டை என்று நினைத்தேன். பஸ் போகும் வரைக்கும் அந்த இடத்தைக் காலியாக வைத்திருந்தீர்கள் என்று நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது.

மாடு இல்லாதது பரவாயில்லை. கறக்கவும் நான் இனிமேல்தான் பழக வேண்டும்.

தொழிற்சாலையில் சொல்லிவிட்டேன். புதன்கிழமைக் கப்பல், வெள்ளிக்கிழமை மத்தியானப் பஸ். டிரைவரிடம் நிறுத்தச் சொல்கிறேன்.

வலது பக்கத்து மரத்தைத் தொடாதே. கோடாலியை மட்டும் தீட்டி வை. தீட்டுவதுதான் இன்னும் எனக்கு ஒரு கையால் வரவில்லை.

தம்பி
ஏலிஸ்